இடிமுழக்கம் கபடிக் குழுவின் ரத்தப் பரிசோதனை

சின்னப்பராஜுக்கு உடம்பில் ஒரு நோவும் இல்லை. வேளாவேளைக்குப் பசித்தது, படுத்தால் தூக்கம் வந்தது. மாதா கோயில் திருவிழாவில் நாலு பேர் பார்க்க மார்பை நிமிர்த்திக்கொண்டு ரத்ததானம் கொடுத்தான் பாருங்கள், அங்கேதான் வினை பிடித்தது. மூன்றாவது வாரம் ஏலாக்குறிச்சி வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. அவனோ பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு அங்கேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். கடிதத்தைப் பிரித்தது அவன் அம்மா மரிய புஷ்பம். படித்துச் சொன்னது பக்கத்து வீட்டு ஆனி ரோஸ் டீச்சர்.

"ஹெபடைட்டிஸ் பி-ன்னு போட்டிருக்குக்கா. கல்லீரல் சமாச்சாரம். காமாலை வகைதான்" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான். சனிக்கிழமை ஊருக்குப் போனவன் செருப்பைக் கழற்றுவதற்குள் மரிய புஷ்பம் அவன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டாள். மஞ்சள் இல்லை. நாக்கை நீட்டச் சொன்னாள். அதிலும் இல்லை. "உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்குடா" என்று முடிவு கட்டி, ஒரு கட்டு கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி நீட்டினாள். உப்பில்லை, எண்ணெயில்லை, புளியில்லை. அவனுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். வாரத்தில் ஆறு நாள் பெரம்பலூரில் பரோட்டா தின்றுகொண்டு, சனி ராத்திரியும் ஞாயிறு காலையும் மட்டும் ஏலாக்குறிச்சியில் உப்பில்லாத கஞ்சி குடித்து அம்மாவின் மனத்தைக் குளிர்வித்தான் சின்னப்பராஜ். முப்பத்தொரு வயது ஆம்பளைக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

திருச்சியில் பெரிய டாக்டரைப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. இது காமாலை இல்லை, காமாலையைக் கொண்டுவரக்கூடிய கிருமி. சிலருக்கு வந்த சுவடே இல்லாமல் போய்விடும், சிலருக்குள் சத்தமில்லாமல் தங்கிவிடும். அவனுக்குத் தங்கிவிட்டது. கல்லீரல் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும், சாராயம் பக்கம் போகக் கூடாது. தட்டிலும் டம்ளரிலும் ஒட்டாது. ரத்தத்தில் ஒட்டும், உடலுறவில் ஒட்டும்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லைங்க."

"யாரோடயாவது பழக்கம் இருக்கா?"

சின்னப்பராஜ் சுவரில் தொங்கிய கல்லீரல் படத்தைப் பார்த்தான். "இருக்குங்க."

"அவங்களுக்கும் ரத்தம் பாத்துடணும். ஒட்டலைன்னா தடுப்பூசி போட்டுக்கலாம். இன்னைக்கு ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணு, ஆறாம் மாசம் ஒண்ணு. மூணோட சரி, பயமில்ல."

"இது நெறய பேருக்கு இருக்குங்களா சார்?"

"நம்ம ஊருல நூறு பேரப் பாத்தா ரெண்டு மூணு பேருக்கு இருக்கும். ஆனா அவங்களக் கூட்டிட்டு வர்றத மட்டும் தள்ளிப் போடாதீங்க."

அந்த 'அவங்க' அப்போது பெரம்பலூர்–அரியலூர் பிரைவேட் பஸ்ஸின் படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, வாயில் விசில் கடித்தபடி மீசையை முறுக்கிக்கொண்டிருந்தது. பெயர் அருள்முருகன். கண்டக்டர். நாலு வருஷம் முன்னால் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது ஏற்பட்ட பழக்கம். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் வேறொருவர் கிடையாது. திருச்சியிலிருந்து திரும்பும் வழியெல்லாம் சின்னப்பராஜுக்கு ஒரே நினைப்புதான். நம்மால் அவனுக்கு ஒட்டியிருந்தால்? ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு சில்லறை கொடுக்கிற மனுஷனின் கல்லீரலில் நாமே கொண்டுபோய் நெருப்பை வைத்துவிட்டோமா? தனக்கு வந்ததற்குக்கூட அவன் அழவில்லை. இதை நினைத்து பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொன்னான். அருள்முருகன் டீயை ஊதி ஊதிக் குடித்தபடி முழுவதையும் கேட்டான்.

"உனக்கு ஒண்ணுமில்லைல்ல? வலி கிலி எதுவும் இல்லைல்ல?"

"எனக்கு ஒண்ணுமில்லடா. ஒன்னத்தான் பாக்கணும். ரத்தம் குடு."

"ஊசியிலயா?"

"பின்ன, ஒழக்குலயா?"

அருள்முருகன் முகம் வெளிறிவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுவான், குடிகாரனை ஒற்றைக் கையில் தூக்கி இறக்கிவிடுவான். ஊசியைக் கண்டால் மட்டும் கால் இரண்டும் துணியாகிவிடும். ஆனால் ஊசியைவிடப் பெரிய முட்டுக்கட்டை ஒன்று இருந்தது.

"பெரம்பலூர் லேப்ல ரத்தம் எடுக்கறவன் எங்க அத்தை மருமவன்டா. காலையில குடுத்தா சாயங்காலம் எங்காத்தாளுக்கு ரிசல்ட் போயிரும். அதுவும் ஒனக்கிருக்கற அதே சீக்கு எனக்கும் இருக்குன்னு வெளிய தெரிஞ்சா, ஊரு சும்மா இருக்குமா?"

அதுவும் நியாயம்தான். திருச்சிக்கே கூட்டிப்போகலாமென்றால், லீவு கேட்டால் முதலாளி பஸ்ஸை நிறுத்திவிட்டு நாலு கேள்வி கேட்பார். ஒரு மாதம் இப்படியே இழுத்தது. சின்னப்பராஜ் அருள்முருகனைத் தொடாமல், தள்ளித் தள்ளி உட்கார்ந்தான். அருள்முருகனோ கோபித்துக்கொண்டு, கடைக்கு வந்தால் ஜெராக்ஸ் மெஷினிடம் மட்டும் பேசினான்.

விடிவுகாலம் அரியமுத்து ரூபத்தில் வந்தது. அரியமுத்து வெங்காய மண்டிக்காரர், ஊரில் ஒரு சேவைச் சங்கத்தின் தலைவர், கபடிப் பைத்தியம். தன் அறுபதாம் கல்யாணத்தை முன்னிட்டு ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டு வந்து, ஐந்நூறு காப்பி போடச் சொன்னார். சின்னப்பராஜ் மெஷினில் வைப்பதற்குமுன் படித்தான். குன்னத்தில் மாபெரும் கபடிப் போட்டி. கலந்துகொள்ளும் அனைத்து டீம் வீரர்களுக்கும் ஹெபடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனையும் மூன்று தவணைத் தடுப்பூசியும் இலவசம். ரத்தம் திருச்சிக்குப் போகும், ரிசல்ட் மேட்ச் அன்று மூடிய கவரில் தரப்படும்.

"தலைவரே, கபடி ஆடறவங்களுக்கு மட்டுந்தானா?" என்று கேட்டான்.

"பின்ன? கீறல்ல ரத்தம் பட்டா ஒட்டுமாம்ல. கிரிக்கெட் ஆடுறவனுக்கெல்லாம் எதுக்குய்யா ஊசி? அவன் மேலதான் யாருமே படறதில்லையே!"

"எங்க டீமுக்கு ஒரு ஃபாரம் குடுங்க தலைவரே."

அரியமுத்து அவனை மேலும் கீழும் பார்த்தார். ஜெராக்ஸ் கடையில் நாளெல்லாம் நின்று நின்று வயிறு மட்டும் தனியாக வளர்ந்த உருவம். "உங்களுக்கு டீம் இருக்கா? பேரு என்ன?"

"இடிமுழக்கம்" என்றான் சின்னப்பராஜ். வாயில் அதுதான் வந்தது.

ஏழு பேர் வேண்டும். அது கஷ்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு ஜெராக்ஸ் கடைக்குள் சீட்டாடுகிற கூட்டமே சரியாக ஏழு பேர்தான். எல்லாரும் இவர்களைப் போன்றவர்கள். ஊரில் அண்ணன், தம்பி, மச்சான் என்று நல்ல பெயரோடு நடமாடிக்கொண்டு, வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டும் தாங்களாக இருப்பவர்கள். பட்டுச் சேலைக் கடை மணிவேல் இருந்தான். பெண்களுக்குச் சேலையைத் தன் தோளில் போட்டுக் காட்டி விற்பதில் அவனை அடிக்க ஆளில்லை. இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிற சாம் இருந்தான். மற்ற மூவர் ஒரு மக்காச்சோள வியாபாரி, ஒரு லேத் பட்டறைக்காரர், ஒரு வீடியோ கடைக்காரர். வேறு எந்த வேலையில் இருந்தாலும் கபடிக்கு மட்டும் ஆகாதவர்கள் என்று பார்த்துப் பொறுக்கியதுபோல இருப்பார்கள்.

சின்னப்பராஜ் தன் கடிதத்தையும் அரியமுத்துவின் நோட்டீஸையும் எடுத்து நடுவில் வைத்தான். எல்லாரும் படித்தார்கள். சீட்டு அப்படியே கிடந்தது.

"எனக்கு ரெண்டு வருஷம் முன்னால காமாலை வந்துச்சே" என்றான் சாம் மெதுவாக. "அது இதுதானா?"

"தெரியாது. பாத்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் கபடி."

"நகத்த வெட்டச் சொல்லுவாங்களே" என்றான் மணிவேல். சுண்டுவிரல் நகத்தைச் சேலை மடிப்பு நீவுவதற்கென்றே வளர்த்து வைத்திருந்தான். அதற்கு மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

போட்டிக்குச் சில நாள் முன்னால் நடந்த முகாமில் ரத்தம் எடுத்தவர் ராசாத்தி சிஸ்டர். ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக நர்ஸ், கை வைத்தால் வலி தெரியாது. அருள்முருகன் சட்டைக் கையை மடக்கினான், ஊசியைப் பார்த்தான், அப்படியே சின்னப்பராஜ் மேல் சாய்ந்தான். அவன் மயங்கிக் கிடந்தபோதே சிஸ்டர் சத்தமில்லாமல் ரத்தத்தை எடுத்து முடித்துவிட்டார். சின்னப்பராஜ் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நோட்டீஸால் விசிறினான். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவனைத் தொட்டான். சிஸ்டர் இருவரையும் பார்த்துவிட்டு, பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னார்.

போட்டி நாளும் வந்தது. பயிற்சி என்று இவர்கள் செய்தது ஒரே ஒரு ஞாயிறு ஓட்டம். அதிலும் பாதிப்பேர் டீக்கடையோடு நின்றுவிட்டார்கள். குன்னத்தில் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காட்டைச் சமன் பண்ணி மைதானமாக்கி, மைக் செட் கட்டியிருந்தார்கள். எதிர் டீம் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பையன்கள், ஒவ்வொருவன் தொடையும் அடுப்பங்கரைத் தூண் மாதிரி இருந்தது. முதல் ரெய்டு போன சாம், கோட்டைத் தாண்டியதும் "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லி மூச்சை விட்டு அவுட்டானான். மணிவேல் பாய்ந்து வந்த ஒருவனைப் பிடித்தான். பிடித்தான் என்றா சொல்வது, கசங்காமல் தோளில் போட்டுக்கொண்டான். வந்தவன் அவனோடேயே தன் பக்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டான். சின்னப்பராஜ் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். கண் மட்டும் மைக் மேசையிலேயே இருந்தது. அதன்மேல் அரியமுத்துவின் மடித்த துண்டுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கவர்கள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்று அருளுடையது.

அருள்முருகன் ரெய்டு போனான். கோட்டைத் தாண்டியதும் கபடி என்ற சொல்லே அவனுக்கு மறந்துவிட்டது. மூச்சை விட்டால் அவுட். வாய் பழகிய பாட்டைப் பிடித்துக்கொண்டது.

"அரியலூர் அரியலூர் அரியலூர் அரியலூர்…"

செங்கல் சூளைப் பையன்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு ஒருவன் சிரித்தான். மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள். பத்து வருஷம் பஸ் ஸ்டாண்டில் கூவிப் பழகிய நெஞ்சு, மூச்சு அறுபடவே இல்லை. குனிந்த மூன்று முதுகையும் ஆற அமரத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தான். நடுவர் விசிலை எடுத்தார். "கபடின்னு சொல்லலீங்களே" என்றார்.

"மூச்சு விடலல்ல? குடுய்யா பாயிண்ட்ட!" என்று மைக்கிலேயே கத்தினார் அரியமுத்து.

ஐம்பத்தெட்டுக்கு நாலு என்று தோற்றார்கள். அந்த நாலாவது பாயிண்ட் எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் அரியமுத்து மைக்கைப் பிடித்தார். லேப்காரர்களிடம் "என்னென்ன டெஸ்ட் இருக்கோ எல்லாத்தையும் பண்ணிப்புடுங்க" என்று சொல்லியிருந்தார். அவர்களும் இப்போது கிருமி இருக்கிறதா, முன்பு எப்போதாவது வந்து போயிருக்கிறதா என்று இரண்டையும் பார்த்து, பெயர் போடாமல் டீம்வாரியாக ஒரு கணக்கும் அனுப்பியிருந்தார்கள். பெயர் இல்லையே, வாசித்தால் என்ன என்று நினைத்துவிட்டார் மனுஷர்.

"அன்பான கபடி ரசிகப் பெருமக்களே! எட்டு டீமு, அம்பத்தாறு வீரர்கள். மத்த ஏழு டீமுலயும் சேத்து ரெண்டே பேருக்குத்தான் கிருமி வந்து போயிருக்கு. ஆனா இந்த இடிமுழக்கம் டீமுல மட்டும் ஏழு பேருல ரெண்டு பேருக்கு இப்ப கிருமி இருக்கு, மூணு பேருக்கு வந்து போயிருக்கு! ஏழுல அஞ்சுங்க!"

கூட்டம் 'உச்' கொட்டியது. சின்னப்பராஜ் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். நூற்றுக்கு இரண்டு மூன்று என்றாரே டாக்டர், நமக்குள் இவ்வளவா? எல்லாம் வெளியே தெரிந்துவிட்டது, இன்றோடு கடையை மூடிவிட்டு ஓட வேண்டியதுதான் என்று நினைத்தான்.

"ஏன்?" என்று கர்ஜித்தார் அரியமுத்து. "நான் சொல்றேன். நகக் கீறல்! பயிற்சியில ஒருத்தன ஒருத்தன் அப்பிடிக் கீறியிருக்கானுவ! அந்தத் தம்பி நகத்தப் பாருங்க!" மணிவேல் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டான். "கபடிக்காக ரத்தம் சிந்துன டீமுய்யா இது! இனிமே எல்லாரும் கையுறை மாட்டிக்கிட்டு, முழுக்கை சட்டை போட்டுத்தான் ஆடணும்!"

கைதட்டல் பறந்தது. ஐம்பத்தெட்டுக்கு நாலு என்று தோற்றவர்களை ஊரே எழுந்து நின்று பார்த்தது. செங்கல் சூளைப் பையன் ஒருவன் வந்து சாமின் கையைப் பிடித்துக் குலுக்கி, "இவ்ளோ வெறியா ஆடுவீங்கன்னு தெரியாதுண்ணே" என்றான். மறு நிமிஷமே தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

கவர்களை ராசாத்தி சிஸ்டர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒவ்வொருவராக அழைத்துக் கொடுத்தார். அருள்முருகன் தன் கவரைப் பிரிக்காமல் சின்னப்பராஜ் கையில் திணித்தான். அவனுக்கும் பிரிக்க வரவில்லை. கடைசியில் சிஸ்டரே வாங்கிப் படித்தார்.

"ஒனக்குக் கிருமி இல்ல தம்பி. எப்பவோ வந்து, அதுவா போயிருச்சு. இனிமே வராது. ஊசிகூட வேணாம்."

சின்னப்பராஜ் தொட்டிச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஒரு மாதத்துக்கு மேலாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. ஆனால் அருள்முருகன் சிரிக்கவில்லை. அவன் முகம் கோணிக்கொண்டு போனது.

"அப்ப நாந்தான்டா ஒனக்குக் குடுத்துட்டேன்! எனக்கு வந்துட்டு நைசா போயிருச்சு, ஒனக்குத் தங்கிருச்சு! பாவி நான்!"

"இல்லடா, எனக்குத்தான் மொதல்ல இருந்திருக்கும். நாந்தான் ஒனக்கு…"

"நீ சும்மா இரு! நாந்தான்!"

"அறைஞ்சிடுவேன், நாந்தான்!"

அந்தச் சண்டையை நிறுத்தச் சிஸ்டர் கையிலிருந்த கவர்க்கட்டால் இருவர் தலையிலும் ஒரு தட்டு தட்ட வேண்டியிருந்தது. "யாருகிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. வாய மூடுங்க ரெண்டு பேரும்."

இருவரும் வாயை மூடினார்கள். என்ன பேசினோம், யார் முன்னால் பேசினோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

சிஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். மைதானத்தில் யாரோ அரியமுத்துவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "நகக் கீறல்னா, தெனமும் பொரளுற சூளைப் பயலுவளுக்குல்ல மொதல்ல வந்திருக்கணும்? ஒங்க டீமுல ஒருத்தன் முட்டியிலகூட சிராய்ப்பு இல்ல. தலைவரு என்ன வேணாலும் சொல்லிக்கட்டும். எனக்கு நெசத்தச் சொல்லு தம்பி. இந்தக் கபடியெல்லாம் யாருக்காக?"

சின்னப்பராஜ் முப்பத்தொரு வருஷமாகத் தன் கூட்டத்துக்கு வெளியே ஒரு மனுஷரிடமும் சொல்லாத வார்த்தை அது. கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில்கூட பங்குச் சுவாமியிடம் இதை மறைத்துப் பொய் சொன்னவன். இப்போது ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் அருள் நின்றான், சட்டையெல்லாம் மண்ணாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இவனுக்காக சிஸ்டர்" என்றான். "எங்க ஏழு பேருமே அப்பிடித்தான்."

சிஸ்டர் தலையை ஆட்டினார். முகம் சுளிக்கவில்லை, அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பேனாவை எடுத்தார். "ஒங்கள்ல ஊசி போட வேண்டியது ரெண்டு பேருக்குத்தான். கிருமி இருக்கற ரெண்டு பேரையும் நான் திருச்சிக்கு அனுப்பி வைக்கிறேன். சரி, ஒங்கள மாதிரி இந்தப் பக்கம் இன்னும் எத்தினி பேரு இருப்பாங்க?"

"அது எதுக்கு சிஸ்டர்?"

"ஏழுல அஞ்சுன்னா சும்மாவா? மிச்சப்பேரு எங்க போயி யாருகிட்ட சொல்லுவாங்க? மருந்து நெறய மிச்சம் கெடக்கு. தலைவரு கபடி டீமுன்னா கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறாரு. புரியுதா?"

புரிந்தது. 2004-ஆம் வருஷம் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் புதிதாக நாலு கபடி டீம்கள் கிளம்பின. ஜெயங்கொண்டத்தில் சூறாவளி, அரியலூரில் பூகம்பம், இன்னும் இப்படி இரண்டு. கபடிக்குப் பொற்காலம் பிறந்துவிட்டதென்று அரியமுத்து கண்கலங்கினார். அந்த டீம்கள் எதுவும் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. ஆனால் ஊசி போடும் நாளில் ஒரு ஆள் குறையாது.

பூகம்பம் டீமுக்கு முதல் ஊசி போட்ட ஞாயிற்றுக்கிழமை, அரியலூரில் ஒரு டைப்ரைட்டிங் கிளாஸை அன்றைக்கு மட்டும் இரவல் வாங்கியிருந்தார்கள். உள்ளே பதினோரு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னப்பராஜ் பெயர் எழுதினான், அருள்முருகன் ஊசி இருந்த பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வாசலில் ஒருவர் ரொம்ப நேரமாக உள்ளே வருவதும் போவதுமாக இருந்தார். வயது ஐம்பதைத் தொடும். சிமெண்டுத் தூசி படிந்த காக்கிச் சட்டை, கையில் சோற்றுத் தூக்கு. கடைசியில் படியில் ஒரு காலை வைத்தார். சின்னப்பராஜ் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"தம்பி, இங்க கபடி டீமுன்னு சொன்னாங்க." தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "எனக்குக் கபடி தெரியாதுங்க."

"எங்களுக்கும் தெரியாதுண்ணே" என்றான் சின்னப்பராஜ். "உள்ள வாங்க. இப்பிடி உக்காருங்க."